ஏரிப்பூச்சி முட்டையும் பங்குனித் திங்களும்

நான் மாண்ட்ரியலில் இறங்கிய வாரம் நான்கு மாதப் பனி மொத்தமாக உருகிக்கொண்டிருந்தது. நடைபாதைகள் நடவுக்கு உழுத வயல் போலக் கிடந்தன. அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு குட்டையையும் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். எனக்குச் சேறு புதிதில்லை. குளிரில் காது விறைக்க விறைக்கச் சேற்றில் நடப்பதுதான் புதிது.

எங்கள் வீட்டில் வாத்து மேய்ப்பதுதான் தொழில். வந்தவாசிப் பக்கம் அறுவடை முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வயல் வயலாகப் போவார்கள். விடுதியில் தங்கிப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்துப் படித்துக் கடைசியில் வந்து சேர்ந்ததும் ஏரித் தண்ணீரில் வாழும் பூச்சிகளிடம்தான். அவற்றை உருப்பெருக்கியில் இனம்பிரிக்கக் கற்றுக்கொள்ள, இரண்டு வாரப் பயிற்சிக்கு இங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்.

"பூச்சி பாக்கவா ஏரோப்ளேன்ல கூட்டிட்டுப் போறாங்க?" என்று அம்மா மூன்று தடவை கேட்டாள். "அந்த ஊர்ல ஏரி இருக்குதாடா?" என்பது மட்டும்தான் அப்பாவின் கேள்வி.

தங்க இடம் கிடைத்தது நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில். அந்த வீட்டுச் சிவம் அண்ணாவும் அவர் மனைவி வசந்தி அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அண்ணாவுக்குப் புரோசார்டில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. அக்கா ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடையில் நிற்கிறார். பதினொரு வயது மகள் ஆரணி தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பிரெஞ்சில் திட்டினால் தமிழில் அழுவாள்.

போன அன்றே அம்மா கொடுத்தனுப்பிய மூன்று புட்டிகளை அக்காவிடம் கொடுத்தேன். இட்லிப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, வறுத்த எள். எல்லாம் பழைய புட்டிகள், எதிலும் பெயர்ச்சீட்டு கிடையாது. அக்கா அந்த ராத்திரிச் சாப்பாட்டுக்கே இட்லிப்பொடியைத் திறந்து பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியில் தடவிக் கொடுத்தார்.

"பேந்து திறக்கலாமேக்கா" என்று அவர் பேச்சிலேயே சொல்லிப் பார்த்தேன்.

"இல்லைத் தம்பி. ஊரிலையிருந்து காவிக்கொண்டு வந்ததை உடன பாவிக்கோணும். அலுமாரியில வைச்சா, குடுத்துவிட்டவைக்கு அங்க மனம் நோகும்."

எள் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. இந்த வழக்கத்தை நான் அப்போதே மனதில் குறித்துவைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அக்காவோடு சந்தைக்குப் போனேன். ஊர்ச் சந்தையில் கத்திரிக்காய் குவியலாகக் கிடக்கும். இங்கே ஒவ்வொன்றையும் துடைத்து, காம்பு ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கியிருந்தார்கள். வாழைப்பூ ஒன்று தனிக் கூடையில் மணப்பெண் போல உட்கார்ந்திருந்தது. அக்காவின் பக்கத்தில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தவர் ரொசாரியோ, மெக்சிகோக்காரர். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறார். நாற்பது வயது இருக்கும். அக்கா அவரை 'ரோசா' என்று கூப்பிடுகிறார். இருவரும் பேசிக்கொள்வது பிரெஞ்சில். இருவருக்கும் அது பாதிதான் தெரியும் என்பதால் நிறையச் சிரிக்கிறார்கள்.

"தம்பி தண்ணிப் பூச்சி படிக்கிறார்" என்று அக்கா என்னை அறிமுகம் செய்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். ரொசாரியோ தக்காளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. அக்கா சந்தைக்கும் அண்ணா கிடங்குக்கும் போயிருந்தார்கள். கோயிலிலிருந்து திரும்பிய ரொசாரியோ ஒரு கையில் ஓலையும் மறு கையில் ஒரு கண்ணாடிப் புட்டியுமாக மேலே வந்தார். ஆரணியை நடுவில் உட்காரவைத்துப் பேசினார்.

புட்டி நிறைய இளம்பழுப்பில் பொடிப்பொடியான மணிகள். கசகசா என்றால் நம்பிவிடலாம். மூடியைத் திறந்ததும் கருவாடும் ஈரப்புல்லும் கலந்த வாசம் வந்தது.

"இது முட்டையாம்" என்றாள் ஆரணி. முகத்தைச் சுளித்துக்கொண்டே, "பூச்சியின்ர" என்று முடித்தாள்.

மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்து ஏரியில் நாணல் கட்டுகளை ஆழமில்லாத தண்ணீரில் ஊன்றிவைப்பார்களாம். துடுப்புப் போடுவதுபோல நீந்தும் சின்னப் பூச்சிகள் வந்து அவற்றில் முட்டையிடும். இரண்டு மூன்று வாரத்தில் கட்டுகளை எடுத்து வெயிலில் உலர்த்தி, துணியில் உதறி, சலித்தெடுப்பார்கள். அவாவுத்லே என்று பெயர். அரைத்து, கோழிமுட்டையில் கலந்து, அடையாகத் தட்டிப் பொரித்து, பச்சைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய விரத நாட்களில் இறைச்சி ஆகாது, இது ஆகும்.

அந்தப் பூச்சியின் உறவுக்காரர்கள் எங்கள் ஏரிகளிலும் உண்டு. எங்கள் வீட்டில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது, வாத்துத் தீனி என்போம். எங்கள் வாத்துகள் தின்பதன் முட்டையை ஒரு ஊரே பண்டிகைப் பலகாரமாகச் சாப்பிடுகிறது.

பிறகு ரொசாரியோ புட்டியின் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா இந்த வேலைதான் செய்தார். அவர் இறந்தபோது ரொசாரியோவின் அகதி வழக்கு இங்கே நடந்துகொண்டிருந்தது. நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியாது. அவர் போகவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று தம்பி மாத்தேயோ தொலைபேசியில், 'எனக்கு அக்கா இல்லை' என்று சொல்லி வைத்துவிட்டான். ஆறு வருடம் பேச்சில்லை. இந்த வருடம் அவனே கியூபெக்கில் ஒரு பண்ணைக்குப் பருவகால வேலைக்கு வந்திருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன்னால், கூட வேலை செய்பவர் மூலம் இந்தப் புட்டி வந்தது. கடிதம் இல்லை. அவன் கையால் ஊன்றி, அவன் கையால் சலித்தது. ரொசாரியோ அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். 'பெரிய வெள்ளிக்கு லீவு. வருகிறேன்' என்று மட்டும் சொன்னானாம்.

"இவ ஒரு சொட்டுக்கூட எடுக்கேல்லையாம். தம்பி வந்து இருந்து சாப்பிடேக்கதான் திறப்பாவாம்" என்றாள் ஆரணி.

அப்படிப்பட்டதை ஏன் என்னிடம் கொண்டுவந்தார்? பூச்சி பொறுக்குகிற வேலை என்று இங்கே யாரோ அவரிடம் சிரித்திருக்கிறார்கள். நீ படித்தவன், பெரிய கண்ணாடியில் பார்த்து, இது எவ்வளவு சீரான பொருள் என்று எனக்குச் சொல், என்றார்.

ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து வாங்கியிருக்கலாம். அதுதான் முறை. ஆனால் பயிற்சி நடத்தும் அம்மையாரிடம் முழுப் புட்டியோடு போய் நிற்க எனக்கு ஆசை. "நாளைக்குக் கொண்டுபோய்ட்டுக் கொண்டாந்துடறேன்" என்று வாங்கிக்கொண்டேன். காலையில் மறக்கக்கூடாது என்று சமையலறை அலமாரித் தட்டில், அம்மாவின் புட்டிகளுக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன்.

காலையில் மறந்தேன். தூங்கி எழுந்ததே தாமதம். ஓடிப்போய் ஏறிய மெட்ரோ எதிர்த்திசையில் போனது. ஐந்து நிறுத்தம் கழித்துத்தான் தெரிந்தது. இறங்கி மாறினால், சுரங்கத்துக்குள் ஏதோ கோளாறு என்று அரை மணி நேரம் நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் பிரெஞ்சில் என்னவோ அறிவித்தார். பெட்டியில் இருந்த எல்லோரும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள், நானும் விட்டேன். புட்டி நினைவுக்கு வந்தபோது பல்கலைக்கழக வாசலில் நின்றிருந்தேன்.

அன்று பங்குனித் திங்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இது அம்மனுக்கான விரதம். பங்குனி மாதத் திங்கட்கிழமைகளில் மச்ச மாமிசம் கிடையாது, ஒரு வேளைதான் சாப்பாடு. சிவம் அண்ணா பகலெல்லாம் பட்டினியாகப் பெட்டி தூக்கிவிட்டு ஆறு மணிக்கு வந்தார். குளித்து, விளக்கேற்றி, திருநீறு பூசிச் சாப்பிட உட்கார்ந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அதோடு ஒரு உருளைக்கிழங்குக் குருமா.

"தம்பிக்கெண்டு உங்கட ஊர்க் குருமா வைச்சனான். பிழையெண்டால் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

அண்ணா ஒரு வாய் வைத்தார். புருவம் ஏறியது. "வசந்தி, இண்டைக்குக் கறி திறம். இறால் போட்ட மாதிரிக் கிடக்கு."

"விரதத்திலையும் உங்களுக்கு இறால் நினைப்பு!"

"உண்மையாச் சொல்லுறன். இன்னும் கொஞ்சம் விடும்."

மூன்றாம் தடவை அவர் தட்டில் குருமா விழும்போதுதான் நான் முதல் வாய் வைத்தேன். கருவாடும் ஈரப்புல்லும். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன தம்பி? உங்கட அம்மான்ர கசகசாதான். தேங்காயோட சேர்த்து அரைச்சனான். நல்ல சாமானெண்டு தாராளமாப் போட்டிட்டன்."

எழுந்துபோய் அலமாரித் தட்டைப் பார்த்தேன். புட்டியின் அடியில் விரல்கடை அளவுதான் மிச்சம்.

பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம் என்று அந்த ஒரு நொடி தோன்றியது உண்மை. அண்ணாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் முடியவில்லை. சொல்லிவிட்டேன். வார்த்தை வரிசையாக வரவில்லை. பூச்சி என்றேன், முட்டை என்றேன், ரொசாரியோ அக்காவுடையது என்றேன்.

அண்ணா தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "இதில எத்தினை முட்டை இருந்திருக்கும் தம்பி?" என்று கேட்டார்.

கேட்டால் பதில் சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு. "உங்க தட்டுல மட்டும் சில ஆயிரம் இருக்கும்ணா."

ஆரணி சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே போய்விட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "அம்மாளாச்சி! விரதச் சோத்தில…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். முகம் மாறியது. "ரோசான்ர தம்பி குடுத்துவிட்டதோ? முட்டையெண்டு சொன்னவள். நான் ஏதோ மீன்சினையாக்குமெண்டு நினைச்சன்… ஐயோ, வெள்ளிக்கிழமை பொடியன் வாறானே." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிழை என்னோடதுக்கா" என்றேன்.

"ஆற்ற பிழையெண்டு பேந்து பாப்பம்" என்றார் அண்ணா. கையைக் கழுவினார். "அம்மாளுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன், அவ கோவிக்க மாட்டா. அடுத்த திங்களும் பிடிக்கிறன். முதல்ல கீழ போய் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ." வாசல் வரை வந்து, என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "என்ர அம்மா சாகேக்க எனக்கும் விசா இல்லைத் தம்பி. அண்ணை பதினொரு வருசம் என்னோட கதைக்கேல்லை. அவர் திருப்பிக் கதைச்ச நாள் எனக்கு இப்பவும் தெரியும்."

ரொசாரியோ கதவைத் திறந்தார். அவர் கண் முதலில் போனது என் கையிலிருந்த புட்டிக்கு. அக்கா தன் பாதிப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னார். நான் ஆங்கிலத்தில் இடையிடையே என் குற்றத்தைச் செருகினேன். ரொசாரியோ புட்டியை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். மணிகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. "மெர்சி" என்று நன்றி மட்டும் சொன்னார். கதவைச் சாத்தினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாயும் புதனும் சந்தையில் இருவருக்கும் இடையே தக்காளி விலை தவிரப் பேச்சில்லை என்று அக்கா சொன்னார். ரொசாரியோ கடையின் அடுத்த முனைக்கு மாறிக்கொண்டாராம். நான் பயிற்சி முடிந்ததும் லத்தீன் அமெரிக்கச் சாமான் விற்கும் கடைகளாகத் தேடிப் போனேன். ஒரு கடைக்காரர் நான் காகிதத்தில் எழுதிக் காட்டிய பெயரைப் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் என் தோளைத் தட்டி, இது மெக்சிகோவிலேயே எல்லோருக்கும் கிடைக்காது என்றார்கள். ஆறுதலுக்கு ஒரு சோள ரொட்டியைச் சூடாகக் கையில் கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மணியடிக்கத் தெரியாமல் மூன்று நிறுத்தம் தாண்டிப் போய், சேற்றில் நடந்து வந்தேன்.

புட்டியைக் கீழே எடுத்துப்போன அன்று என் சட்டையில் ஒட்டியிருந்த நாலைந்து மணிகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காம்போடு, முத்துப்போல, ஒன்றுக்கொன்று மாறாமல் இருந்தது. உமி இல்லை, மண் இல்லை. சலித்தவன் கை அப்படி. அதைப் படம் எடுத்து அச்சிட்டு, ரொசாரியோவின் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

வியாழன் மாலை ரொசாரியோ மேலே வந்தார். கையில் அந்தப் படம் இருந்தது. அக்காவைப் பார்க்காமல் ஆரணியிடம் பேசினார்.

"மிச்சத்தில ஒரு அடைதான் வருமாம். மற்றவைக்குக் காய்ஞ்ச இறால் தூளில செய்யலாமாம். அங்கையும் அப்பிடிச் செய்யிறவையாம். அம்மாட்டக் கூனி இறால் இருக்கோ எண்டு கேக்கிறா."

அக்கா மேல்தட்டிலிருந்து கூனி இறால் பொதியை எடுத்து, ஒரு கையளவு எடுத்தார். யோசித்தார். முழுப் பொதியையும் கொடுத்தார். ரொசாரியோ வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னார். அக்காவின் கண் நிறைந்தது.

"நாங்கள் எல்லாரும் நாளைக்கு வரோணுமாம். தன்ர தம்பிக்கு முன்னால தனிய இருக்கப் பயமாக் கிடக்காம்" என்றாள் ஆரணி.

பெரிய வெள்ளியன்று மாத்தேயோவை மெட்ரோ வாசலிலிருந்து கூட்டிவர என்னை அனுப்பினார்கள். முப்பது வயதுக்காரன். வெளுத்த சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எங்களுக்குள் பொதுமொழி கிடையாது. நான் குட்டைகளைத் தாண்டித் தாண்டி நடந்தேன். அவன் நேராக அவற்றுக்குள் இறங்கி நடந்தான். கட்டட வாசலில் வந்ததும் நின்றான். பூட்ஸை உரசி உரசித் துடைத்தான். சேறு போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். நானும் அவசரப்படுத்தவில்லை.

கதவு திறந்தது. ரொசாரியோவும் அவனும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. ரொசாரியோ நாற்காலியைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான்.

பச்சைக் குழம்பு ஊற்றிய தட்டுகள் வந்தன. எங்கள் தட்டுகளில் இருந்த அடைகள் இளஞ்சிவப்பு. அவன் தட்டில் மட்டும் ஒரே ஒரு பழுப்பு அடை. மாத்தேயோ தன் தட்டைப் பார்த்தான், எங்கள் தட்டுகளைப் பார்த்தான். ரொசாரியோவிடம் ஏதோ கேட்டான். அவர் வசந்தி அக்காவைப் பார்த்தார்.

"நான் சொல்லுறன்" என்று வசந்தி அக்கா எழுந்து நின்றார். புட்டி, கசகசா, குருமா, பங்குனித் திங்கள், எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னார். ரொசாரியோ தன் சிநேகிதியின் குற்றத்தைத் தானே ஸ்பானிஷில் தம்பிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆரணி என் காதில் தமிழில் சொன்னாள். ஒரு குருமா மூன்று மொழியில் மேசையைச் சுற்றி வந்தது.

மாத்தேயோ சிவம் அண்ணாவைப் பார்த்தான். "இவரா விரதக்காரர்?"

அண்ணா தலைகுனிந்து ஆமென்றார்.

"எப்படி இருந்தது?"

அண்ணா பொய் சொல்லத் தெரியாதவர். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, மூன்று விரலை விரித்தார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன் என்று அர்த்தம்.

மாத்தேயோ சிரிக்கவில்லை. தன் அக்காவிடம் திரும்பினான். "நீ எவ்வளவு சாப்பிட்டாய்?"

"நானா? ஒன்றும் சாப்பிடவில்லை. உனக்காக வைத்திருந்தேன்."

"எனக்கு அது பிடிக்காதே. வருடம் முழுக்க அந்த நாற்றத்துக்குள் நிற்கிறவன் நான். சின்ன வயதில் என் பங்கையும் சேர்த்துத் தின்றது யார்?"

ரொசாரியோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"உனக்குத்தானே அனுப்பினேன். வந்த அன்றே தின்றிருப்பாய் என்று நினைத்தேன்."

அதன்பிறகு அவன் குரலை உயர்த்தி ஒரு வரி சொன்னான். அதை மட்டும் ரொசாரியோ பிரெஞ்சில் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் சந்தையில் தக்காளி அடுக்கும்போதுதான் வசந்தி அக்காவிடம் சொன்னாராம்: "மாடி வீட்டுக்காரர் தின்றார், இந்தியாக்காரன் தின்றான், விரதம் இருந்த மனிதரும் தின்றார். என் அக்கா மட்டும் தின்னவில்லை!"

அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது அவன் செய்தது மட்டும்தான். தன் தட்டிலிருந்த அடையைக் கரண்டியால் பத்திரமாக எடுத்து அவர் தட்டில் வைத்தான். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டான். முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, சாப்பிடு என்று காத்திருந்தான்.

ரொசாரியோ ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடி மென்றார். நாங்கள் ஐந்து பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியிடம் ஒரு சொல் சொன்னார். அவன் எழுந்தான். தெரியாத அந்தச் சமையலறையில் அலமாரி அலமாரியாகத் திறந்து தேடி, உப்பு டப்பாவைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, அவர் தட்டில் தானே தூவினான்.